உடம்பு சரியில்லாத பிள்ளையை மறுபடி பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க இருப்பதிலேயே மோசமான நேரம் காலை ஏழு மணி. மனித உடம்பின் வெப்பம் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். பிற்பகலில் மெல்ல ஏறி மாலையில் உச்சத்துக்குப் போகும். நோயில்லாத உடம்புக்கே இப்படி. காய்ச்சல் அடிக்கும் உடம்பிலும் பெரும்பாலும் இதே ஏற்ற இறக்கம்தான். அதனால் காலையில் தெர்மாமீட்டர் 98.6 காட்டினால் அது பாதிச் செய்தி. போதாததற்கு, அதிகாலையில் கொடுத்த சிரப் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நமக்கும் வேலைக்குக் கிளம்பும் அவசரம். எல்லாம் சேர்ந்து, "அதெல்லாம் சரியாயிடுச்சு, கிளம்பு" என்று சொல்ல வைத்துவிடும்.

அதனால் முடிவை முதல் நாள் மாலையிலேயே எடுக்கத் தொடங்க வேண்டும். காலையில் செய்வது கடைசிச் சரிபார்ப்பு மட்டும்.

படி 1: ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவையுங்கள்

நோய் தொடங்கிய நாளிலிருந்தே நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, வாந்தி, மலம், சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். மறதிக்காக மட்டுமில்லை. அப்பா ஐந்து மணிக்கு மருந்து கொடுத்தது தெரியாமல் பாட்டி ஆறு மணிக்கு அதே பாரசிட்டமாலை மறுபடி கொடுப்பது பல வீடுகளில் நடப்பதுதான். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, வயதை வைத்துக் குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது. சளி மருந்துகள் சிலவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

மருத்துவரிடம் போனாலும், பள்ளியில் கேட்டாலும், "எப்போ கடைசியா காய்ச்சல் அடிச்சது?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் காகிதம் இருந்தால் பதில் தயார்.

படி 2: மருந்து இல்லாமல் 24 மணி நேரம்

காய்ச்சல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். அக்குளில் வைத்துப் பார்த்தால் உடம்பின் உள் வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். வாயில் வைத்துப் பார்ப்பதென்றால், சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏதாவது குடித்த பிறகு கால் மணி நேரமாவது விடுங்கள். நெற்றியில் காட்டிப் பார்க்கும் கருவிகள் வியர்வை இருந்தால் தடுமாறும். எந்தக் கருவியாக இருந்தாலும் சரி, ஒரே கருவியை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். நேற்றைக்கு அக்குள், இன்றைக்கு நெற்றி என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

விதி இதுதான்: காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல், முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் பலரும் விட்டுவிடுவது 'மருந்து இல்லாமல்' என்பதை. பாரசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். இபுபுரூஃபென் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். காலை ஏழு மணிக்குச் சிரப் குடித்த பிள்ளை எட்டு மணிக்குச் சிரித்துக்கொண்டே வண்டி ஏறும். பதினொன்றரைக்கு மேசையில் தலையைச் சாய்க்கும். அதற்குள் மூன்று நான்கு பாடவேளை பக்கத்துப் பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்து, ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்தும் முடித்திருக்கும். மருந்து காய்ச்சலை இறக்குகிறது, அவ்வளவுதான். கிருமி பரவுவதை அது நிறுத்தாது.

24 மணி நேரம் என்று ஏன் சொல்கிறார்கள்? ஒரு முழு நாள் என்றால் அதற்குள் ஒரு மாலை வந்தே தீரும். காய்ச்சல் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த மாலையில்தான் தலைகாட்டும். செவ்வாய் இரவு காய்ச்சல் விட்டு, புதன் காலையில் நன்றாக இருக்கிறதா? புதன் மாலையைத் தாண்டட்டும், வியாழன் அனுப்புங்கள்.

ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலின்போது அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற அரிய, ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம்.

படி 3: வயிறு

வாந்தியும் பேதியும் வந்த பிள்ளைக்குக் காய்ச்சலின் கணக்கு போதாது. பிரிட்டனின் சுகாதாரத் துறை கடைசி வாந்தி அல்லது கடைசிப் பேதியிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு கொஞ்சம் தளர்த்தி, வாந்தி நின்று, மலம் வழக்கத்தைவிட இரண்டு தடவைக்கு மேல் கூடாமல், பிள்ளையால் அடக்கிக்கொண்டு கழிவறைக்குப் போக முடிந்தால் அனுப்பலாம் என்கிறது. என்னைக் கேட்டால் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 48 மணி நேரம்தான் சரி. ஐந்து வயதுப் பிள்ளை ஆசிரியரிடம் கை தூக்கி, அனுமதி வாங்கி, நடந்து, கதவைத் திறப்பதற்குள் நேரம் கடந்துவிடும். அந்த வெட்கத்தை அது வருஷக் கணக்கில் மறக்காது.

வாந்தி நின்றதும் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் தெரியும். உள்ளே போனது தங்குகிறதா என்று இரண்டு வேளைச் சாப்பாடாவது பாருங்கள். சிறுநீர் வழக்கம்போல், வெளிர் நிறத்தில் போக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகவில்லை, வாய் வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் பள்ளியைப் பற்றிய பேச்சே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றைக் கெடுக்கும் நோரோ வைரஸை, கையில் தடவிக்கொள்ளும் சானிடைசர் சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. நோய் நின்ற பிறகும் மலத்தில் அந்த வைரஸ் இரண்டு வாரத்துக்கும் மேல் வெளியேறலாம். அத்தனை நாளும் யாரும் வீட்டில் வைத்திருக்க முடியாது, வேண்டியதுமில்லை. கை கழுவும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

படி 4: எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

தெர்மாமீட்டர் சரியென்று சொல்லியும் பிள்ளை தயாராக இல்லாமல் இருக்கலாம். பள்ளி நாள் என்பது ஆறேழு மணி நேர வேலை: பை தூக்க வேண்டும், படி ஏற வேண்டும், கரும்பலகையைப் பார்த்து எழுத வேண்டும், சத்தத்துக்கு நடுவில் உட்கார வேண்டும், விளையாட்டு மைதானத்தில் தள்ளுமுள்ளு வேறு.

முந்தின நாள் மதியத்திலேயே இதைச் சோதித்துவிடலாம். டிவியையும் ஃபோனையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் பிள்ளை தன்போக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். திரை முன்னால் எந்தப் பிள்ளையும் அசையாமல்தான் உட்காரும். அதிலிருந்து எதுவும் தெரியாது. தானாகப் பொம்மையை எடுத்துப் பரப்பி, தம்பியோடு சண்டைக்குப் போய், பசிக்குது என்று வந்து நிற்கிறதா? நல்ல அறிகுறி. பத்து நிமிஷம் விளையாடிவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்கிறதா, மாடி ஏறி வந்து மூச்சு வாங்குகிறதா, வழக்கமாகத் தூங்காத நேரத்தில் தூங்குகிறதா? இன்னும் ஒரு நாள் வேண்டும்.

அப்புறம் இரவு. இருமலால் மூன்று நான்கு தடவை எழுந்த பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் இல்லாவிட்டாலும் வகுப்பில் கண் சொக்கும். ஆசிரியரின் பக்கத்தையும் யோசியுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும் என்றால், அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மூக்கு ஒழுகலும் மிச்ச இருமலும் மட்டும் இருந்தால் அனுப்பலாம். சாதாரணச் சளிக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். அது முழுக்க நிற்கட்டும் என்று காத்திருந்தால் மழைக்காலம் முழுவதும் பிள்ளை வீட்டில்தான். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றும் அர்த்தமில்லை. சாதாரண வைரஸ் சளியே போகப்போக அந்த நிறத்துக்கு வரும். ஆனால் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே உள்ளே இழுத்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ, பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: இந்த நோய்க்கு எத்தனை நாள்?

மேலே சொன்னவை எந்த நோய்க்கும் பொது. பெயர் தெரிந்த சில தொற்றுகளுக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு. பள்ளிகளும் ஊர்ச் சுகாதாரத் துறையும் தங்களுக்கென்று கூடுதலாக விதி வைத்திருந்தால் அதுதான் செல்லும்.

சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். வழக்கமாகக் கொப்புளம் தோன்றியதிலிருந்து ஐந்தாறு நாள் ஆகும். கணக்கு நாளில் இல்லை, கடைசிக் கொப்புளத்தில். தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள், ஈரமாக ஒன்று அங்கேதான் ஒளிந்திருக்கும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தட்டம்மைக்குத் தடிப்பு வந்த பிறகு நான்கு நாள். இதுதான் எல்லாவற்றிலும் வேகமாகப் பரவுவது; நோயாளி வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறையின் காற்றில் வைரஸ் இருக்கும். பொன்னுக்கு வீங்கிக்கு, கன்னம் வீங்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகை என்றால், கண்ணும் தோலும் மஞ்சளானதிலிருந்து ஒரு வாரம். டைபாய்டு விஷயத்தில் நீங்களாக நாள் கணக்குப் போடாதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி என்று மருத்துவர் உறுதி செய்து ஆன்டிபயாட்டிக் தொடங்கினால், ஒரு நாள் கழித்து, காய்ச்சலும் இல்லையென்றால் அனுப்பலாம். தொண்டை வலி போய்விட்டதே என்று மருந்தை நடுவில் நிறுத்துவதுதான் இதில் பெரிய தப்பு. சரியாகக் குணமாகாத ஸ்ட்ரெப் தொற்று சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகத் திரும்பி இதய வால்வைக் கெடுக்கலாம். கொடுத்த நாள் முழுவதும் மருந்தை முடிக்க வேண்டும்.

கக்குவான் இருமல் என்றால் சரியான ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் முடிய வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து மூன்று வாரம் பரவும்.

கொரோனாவுக்கு இப்போது தனியாக நீண்ட தனிமைப்படுத்தல் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024 மார்ச்சில் அதையும் ஃப்ளூ முதலான சுவாச வைரஸ்களோடு ஒரே கணக்கில் சேர்த்தது: மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இருக்கக்கூடாது, மற்றத் தொந்தரவுகளும் குறைந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து நாள் முகக்கவசம் போன்ற முன்னெச்சரிக்கை.

இனி, தேவையில்லாமல் வீட்டில் வைத்திருக்கும் நோய்கள். மெட்ராஸ் ஐ என்றாலே ஒரு வாரம் விடுப்பு என்பது பழக்கமாகிவிட்டது. காய்ச்சல் இல்லாமல், கண்ணைக் கசக்காமல் இருக்கத் தெரிந்த பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை என்பதுதான் பல நாட்டு வழிகாட்டுதல்களின் நிலை. ஆனால் கண் சிவந்திருந்தால் உள்ளே விடாத பள்ளிகள் நிறைய, கேட்டுவிட்டு அனுப்புங்கள். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, கண் மிகவும் வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் கண் மருத்துவர்தான்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் வைரஸ் நோயிலும் இதே குழப்பம். கிருமி மலத்தில் வாரக் கணக்கில் வெளியேறும் என்பதால் நாள் எண்ணிப் பயனில்லை. காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, எச்சில் ஒழுகாமல் சாப்பிட முடிந்தால் போகலாம். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்பட வேண்டாம், புது நகம் தானாக வளரும்.

சொறி சிரங்கு (ஸ்கேபீஸ்) என்றால் முதல் தடவை மருந்து பூசி முடித்த மறுநாள் அனுப்பலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடியும் பூச வேண்டும். அரிப்பு இரண்டு மூன்று வாரம் தொடரும், அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். படர்தாமரைக்கு மருந்து தொடங்கி, இடத்தை மூடிவிட்டால் போதும். காது வலி தொற்றாது. பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதைப் போல வீண் வேலை வேறில்லை. பள்ளி விட்டு வந்ததும் சீப்பை எடுத்தால் முடிந்தது.

படி 6: காய்ச்சல் விட்டாலும் அவசரப்படக்கூடாத இடம்

இதுவரை காய்ச்சல் இறங்கினால் நல்லது என்றே பேசினோம். டெங்குவில் அது பொய்க்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் சட்டென்று இறங்கும். அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக அனுப்பிய நாளே நிலைமை மோசமாகலாம்.

டெங்கு என்று உறுதியானாலோ சந்தேகம் இருந்தாலோ, காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாளாவது கண்பார்வையிலேயே வைத்திருங்கள். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பான மலம், கை கால் சில்லிடுவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை இபுபுரூஃபெனும் கூடாது. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏறத் தொடங்கி மருத்துவர் சரியென்ற பிறகு அனுப்புங்கள். டெங்கு பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாகத் தொற்றாது, கொசு வழியாகத்தான். இங்கே ஓய்வு மற்றவர்களுக்காக இல்லை, உங்கள் பிள்ளைக்காக.

எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் கழுத்தை வளைக்க முடியாமல் விறைத்திருப்பது, எழுப்பினால் சரியாக விழிக்காதது, வலிப்பு, தோலில் தோன்றிய சிவப்புப் புள்ளி மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் நிறம் மறையாதது ஆகியவை அவசரச் சிகிச்சைக்கு உரியவை. ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று ஏதாவது இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வழிகாட்டியைவிட அவர்களுடைய மருத்துவர் சொல்வதே கணக்கு.

படி 7: "வயிறு வலிக்குது" என்றால்

காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, காலையில் மட்டும் தொப்புளைச் சுற்றி வலி. பள்ளி வண்டி போன அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. நடிப்பு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். மனசு பயந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும். படி 1-ல் சொன்ன காகிதத்தில் கிழமையையும் எழுதிப் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வருகிறதா? கணக்குத் தேர்வன்று வருகிறதா? குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பெயரை எடுத்தால் பேச்சு நிற்கிறதா? நோயில் இரண்டு வாரம் விட்டுப்போன பிள்ளைக்கு, பாடம் எங்கேயோ போயிருக்குமே என்ற பயமே இப்படி வயிற்றில் வந்து உட்காரும்.

மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அனுப்புவதுதான் நல்லது. வீட்டில் வைக்கும் ஒவ்வொரு நாளும் மறுநாள் கிளம்புவதை இன்னும் கஷ்டமாக்கும். அப்படி வீட்டில் வைக்கும்படி ஆனாலும், அன்றைக்கு டிவி இல்லை, சும்மா படுத்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள், உண்மை சீக்கிரம் தெரியும். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலது அடிவயிற்றில் நிலைத்த வலி, எடை குறைவது, இவை பயத்தால் வருவதில்லை.

படி 8: திரும்பப் போகும் நாள்

பள்ளிக்கு எழுதும் குறிப்பில் "காய்ச்சல் காரணமாக" என்று மட்டும் எழுதாமல், என்ன நோய், கடைசியாக எப்போது காய்ச்சல் அடித்தது, இப்போது என்ன மருந்து எடுக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்றவை என்றால் மறைக்காதீர்கள். வகுப்பாசிரியர் கர்ப்பமாக இருக்கலாம், பக்கத்து இருக்கைப் பிள்ளை புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கலாம். அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க அந்தத் தகவல் வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து என்றால் பெரும்பாலும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பத் தேவையில்லை. கிளம்பும்முன் ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று பிரிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதியம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றால் மருந்தை ஆசிரியர் கையில், பெயரும் அளவும் நேரமும் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பைக்குள் போட்டு விடுவது ஆபத்து. அது மிட்டாய் மாதிரி பகிரப்பட்டுவிடும்.

ஓட்டப் பயிற்சியையும் வெயிலில் விளையாடுவதையும் சில நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு ஓடும்போது நெஞ்சு வலியோ படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விட்டுப்போன நோட்டுகளை முதல் நாள் இரவே உட்கார்ந்து எழுதித் தீர்க்க வைக்காதீர்கள். எது அவசியம் என்று ஆசிரியரிடம் கேட்டு அதை மட்டும் முதலில் எழுதட்டும்.

காலைச் சரிபார்ப்பு இவ்வளவுதான்: இரவு நன்றாகத் தூங்கியதா, மருந்தில்லாமல் வெப்பம் சரியா, காலை உணவு இறங்கியதா, செருப்பை மாட்டிக்கொண்டு தானாக வாசலுக்கு வருகிறதா. அன்றைக்கு உங்கள் ஃபோனை சைலன்ட்டில் போடாதீர்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் உடனே போய்க் கூட்டி வர யார் இருக்கிறார்கள் என்று முன்னாலேயே பேசிவையுங்கள். மதியம் மறுபடி காய்ச்சல் என்று அழைத்தால், அந்தக் காய்ச்சல் விட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒரு முறை விட்டு நடுவில் நல்ல நாள் இருந்து மறுபடி ஏறிய காய்ச்சல் என்றால், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் குறித்துவைத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.